மதிப்பெண் இருந்தும் இடம் கிடைக்காதது ஏன்? நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அறிய வேண்டியவை



ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நமது மஹல்லாக்களில் மகிழ்ச்சி பொங்குகிறது. அதிக மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்துகிறோம், கேடயம் கொடுக்கிறோம், படம் எடுத்துப் பகிர்கிறோம். ஆகஸ்டும் செப்டம்பரும் வரும்போது அந்த மேடையில் நின்ற பிள்ளைகளில் சிலருடைய வீடுகள் அமைதியாகிவிடுகின்றன. "மார்க் நல்லாத்தானே எடுத்தா, ஏன் சீட்டு கிடைக்கலை?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் தாயும் தந்தையும் தலைகுனிகிறார்கள்.

மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். மதிப்பெண் எடுத்தும் இடம் கிடைக்காத பிள்ளைகளைப் பற்றிப் பேசியது குறைவு. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது. பிள்ளை எடுக்கும் மதிப்பெண்ணுக்கும் அவர் உட்கார வேண்டிய வகுப்பறைக்கும் நடுவே சில படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளில் தடுக்கி விழுவது பெரும்பாலும் பிள்ளையின் குறையன்று. அவற்றை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது பெற்றோராகிய நமது கடமை, ஜமாஅத்தின் கடமை.

உப்பளக் கரையிலிருந்து பார்த்தால்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். கழுவெளியின் உவர்நீரும் கடலும் சேர்ந்து வாழ்வளிக்கும் உப்பள பூமி இது. ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் சீர்செய்து வேலை தொடங்கினால், வெயில் ஏறும் மாதங்களில்தான் உப்பு வாரும் வேலை மும்முரமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும், வேலை நின்றுவிடும்.

இந்த நாட்காட்டியைத் தேர்வுகளின் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் மாதம். நீட் தேர்வு பெரும்பாலும் மே மாத முதல் ஞாயிறு. அதாவது, வீட்டில் எல்லோரும் அளத்துக்குப் போயாக வேண்டிய நாட்களில்தான் பிள்ளைக்கு அமைதியும் கவனிப்பும் தேவைப்படுகின்றன. ஐஐடி, என்ஐடி போன்றவற்றுக்கான ஜேஇஇ மெயின் தேர்வின் முதல் கட்ட விண்ணப்பமோ அண்மை ஆண்டுகளில் அக்டோபர், நவம்பரில் வருகிறது. அது அளத்தில் வேலை இல்லாத, கையில் காசு இல்லாத மழைக்காலம். அந்த மாதங்களில் புயலும் சேர்ந்துகொள்ளும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது இந்தப் பகுதி பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட வாரங்களில் புத்தகம் நனைவது ஒரு பக்கம். சான்றிதழ்கள் நனைந்து போவது இன்னொரு பக்கம்.

உப்பளக் குடும்பம் மட்டுமல்ல, மீன்பிடிக் குடும்பமும், சிறுகடை வைத்திருப்பவரும், வளைகுடாவில் இருந்து மாதாமாதம் பணம் அனுப்பும் தந்தையும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். பிள்ளை படிக்கிறார், வீடு பாடுபடுகிறது. ஆனால் எந்தத் தேதியில் எந்த வாசல் திறக்கும் என்று சொல்ல அருகில் ஆளில்லை.

அளவுகோல் மாறிய கதை

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டு, 2007-08 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடந்தது. பொறியியலுக்கு இன்றும் அதுவே முறை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். மருத்துவத்துக்கு மட்டும் 2017 முதல் நீட் கட்டாயமானது.

அந்த மாற்றம் முதலில் யாரைத் தாக்கியது என்பதை நாடே பார்த்தது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த மாணவி அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றவர். பழைய முறையில் மருத்துவ இடத்துக்கு உரியவராக இருந்த அவர், நீட் தேர்வில் 720-க்கு 86 மட்டுமே பெற முடிந்தது. உச்ச நீதிமன்றம் வரை சென்ற அந்தப் பிள்ளையை 2017 செப்டம்பர் 1 அன்று இழந்தோம். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு அளவுகோலுக்குத் தயாரான பிள்ளையிடம், கடைசி நேரத்தில் வேறொரு அளவுகோலை நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இழப்பே சாட்சி.

பின்னர் தமிழ்நாடு அரசு நியமித்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் அளித்த அறிக்கை இரண்டு உண்மைகளை எடுத்துக்காட்டியது. ஒன்று, நீட் வந்த பிறகு மருத்துவ இடம் பெறுவோரில் தமிழ்வழியில் படித்தவர்களின் பங்கு பெருமளவு சரிந்தது. மற்றொன்று, 2020-21-ல் இடம் பெற்றவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் முதல் முயற்சியில் வந்தவர்கள் அல்லர், ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருந்து மீண்டும் எழுதியவர்கள். ஆகவே முதல் முறையில் இடம் கிடைக்காத பிள்ளையை "தோற்றவர்" என்று அழைப்பது அறியாமை. அதே வேளையில், ஓராண்டு காத்திருக்கவும் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டவும் எல்லா வீட்டாலும் முடியாது என்பதும் உண்மை.

நீட் விலக்கு கோரி சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அவையில் அறிவித்தார். அரசியல் கோரிக்கை ஒரு பக்கம் தொடரட்டும். இந்த ஆண்டு எழுதப்போகும் பிள்ளைக்கு இன்றுள்ள விதிகளே விதி. அவற்றைப் பார்ப்போம்.

3.5 விழுக்காடு: நமது உரிமையின் கணக்கு

நீதிபதி ஜனார்த்தனம் தலைமையிலான பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து 2007-ல் கலைஞர் ஆட்சியில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அன்சார், தக்னி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர், மரக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய பிரிவினர் இதில் அடங்குவர்.

நூறு இடங்கள் கொண்ட ஓர் அரசு மருத்துவக் கல்லூரியை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் 15 இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதி 85 இடங்கள் மாநிலத்துக்கு. அதில் 3.5 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 3 இடங்கள். கணக்கு மாநிலம் முழுமைக்கும் சேர்த்தே போடப்படும் என்றாலும், அளவு புரிவதற்காக இப்படிச் சொல்கிறோம்.

"மூன்றே மூன்றுதானா?" என்று மனம் சோர வேண்டாம். இங்கேதான் பல பெற்றோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பொதுப் பிரிவு எனப்படும் 31 விழுக்காடு எந்த ஒரு சமூகத்துக்கும் எழுதிவைக்கப்பட்டதல்ல. அது எல்லோருக்கும் பொதுவான போட்டி. நமது பிள்ளையின் மதிப்பெண் அந்த வரிசையில் வருமானால், அவர் பொதுப் பிரிவு இடத்தையே பெறுவார். அப்போது 3.5 விழுக்காட்டின் இடம் இன்னொரு முஸ்லிம் பிள்ளைக்குப் பயன்படும். எனவே உச்ச மதிப்பெண் எடுக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தமக்கு ஓர் இடத்தைத் தேடுவதோடு, தமக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்கும் ஓர் இடத்தை விட்டுச் செல்கிறார்.

7.5 விழுக்காடு: ஆறாம் வகுப்பிலேயே எடுக்கும் முடிவு

நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரைப்படி 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. இதில் இடம் பெறும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

இதற்கான அடிப்படைத் தகுதி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் போன்றவையும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்காது. நமது சமுதாயத்தின் பழம்பெரும் பள்ளிகள் பல உதவி பெறும் பள்ளிகளே என்பதால், இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை "இங்கிலீஷ் மீடியம் நல்லது" என்று தனியார் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், அந்த ஒரு மாற்றத்தால் 7.5 விழுக்காட்டு வாய்ப்பை இழக்கிறார்கள். மாற்றுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். பிள்ளையின் சூழல், பள்ளியின் தரம், மார்க்கச் சூழல் எல்லாவற்றையும் எண்ணித்தான் முடிவெடுப்பீர்கள். எதை இழக்கிறோம் என்று தெரிந்து எடுக்கும் முடிவாக அது இருக்கட்டும் என்பதே நமது வேண்டுகோள்.

புதுச்சேரி பக்கம்தான், ஆனால்…

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் காலாப்பட்டில் உள்ள புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் வந்துவிடும். இன்னும் சற்றுப் போனால் ஜிப்மர் மருத்துவமனை. நமது பகுதி மக்கள் நோய் வந்தால் ஓடும் இடம் அது. "ஜிப்மர் பக்கத்துலதானே இருக்கு, நம்ம பிள்ளைக்குக் கிடைக்காதா?" என்ற ஆசை இயல்பானது.

விதி வேறு. ஜிப்மர் 2019 வரை தனி நுழைவுத் தேர்வு நடத்தியது. 2020 முதல் அங்கும் நீட் மதிப்பெண்தான். புதுச்சேரி மாணவர்களுக்கென ஒதுக்கிய இடங்கள் போக, மற்றவற்றுக்கு நாடு முழுவதிலும் இருந்து போட்டி. புதுச்சேரி அரசின் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியின் மாநில இடங்களும் அந்த யூனியன் பிரதேச மாணவர்களுக்கே. மரக்காணம் பிள்ளைக்குத் திறந்திருக்கும் மாநில வாசல் தமிழ்நாட்டினுடையது. முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியும், 2022-ல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி கல்லூரியும் அந்த வாசல் வழியே வருபவை.

எல்லையோர ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வசதி கருதிப் பிள்ளையைப் புதுச்சேரிப் பள்ளியில் சேர்க்கும் குடும்பங்கள், தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது இருப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டிவரும். 7.5 விழுக்காடும் அவர்களுக்குப் பொருந்தாது. பள்ளி மாற்றும்போது பேருந்து வசதியை மட்டும் பார்க்காமல் இதையும் பாருங்கள்.

காலாப்பட்டுப் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேர 2022 முதல் நடக்கும் க்யூட் பொது நுழைவுத் தேர்வைப் பற்றியும் நமது வீடுகளில் போதிய அறிமுகம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் எவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தாலும், உரிய காலத்தில் இதற்கு விண்ணப்பிக்காதவருக்கு அந்த வாசல் திறப்பது கடினம்.

தடுக்கி விழும் இடங்கள்

1. பெயர். முகமது, முஹம்மது, முகம்மத் என்று தமிழிலேயே பல விதமாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இன்னும் அதிகம். ஆதாரில் ஒரு விதம், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதம், சாதிச் சான்றிதழில் ஒரு விதம் என்று இருந்தால், சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் பிள்ளை பதறுவார். அப்துல், ஷேக், சையத், பீவி, பேகம் போன்றவை பெயரோடு ஒட்டியும் பிரித்தும் எழுதப்படுவதும், தந்தையின் பெயர் முதலெழுத்தாக ஓரிடத்திலும் முழுப்பெயராக ஓரிடத்திலும் வருவதும் நமது சமுதாயத்துக்கே உரிய சிக்கல். ஒன்பதாம் வகுப்பிலேயே எல்லாவற்றையும் ஒரே எழுத்துக் கூட்டலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பொதுத்தேர்வுச் சான்றிதழ் வந்த பிறகு திருத்துவது பெரும் அலைச்சல்.

2. இரண்டு சான்றிதழ்கள். மாநில அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சான்றிதழ் வேறு, ஒன்றிய அரசின் ஓபிசி சான்றிதழ் வேறு. அகில இந்திய ஒதுக்கீட்டிலும் மத்திய நிறுவனங்களிலும் 3.5 விழுக்காடு கிடையாது. அங்கே 27 விழுக்காடு ஓபிசி பிரிவில்தான் போட்டியிட வேண்டும். அகில இந்திய மருத்துவ இடங்களில் அந்த 27 விழுக்காடு 2021-22 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குக் கிரீமிலேயர் வரம்புக்குள் வர வேண்டும். 8 லட்சம் ரூபாய் என்ற அந்த வரம்பைக் கணக்கிடும்போது சம்பளமும் விவசாய வருமானமும் சேர்க்கப்படுவதில்லை என்பது தெரியாமல், தகுதியுள்ள பலர் விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதாலேயே ஒன்றியப் பட்டியலிலும் தம் பிரிவு இருக்கும் என்று எண்ணிவிடாமல் சரிபாருங்கள். அந்தந்த நிதியாண்டுக்கு, அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு பெற்ற சான்றிதழைக் கேட்பார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியர் அலுவலகம் வரை செல்லும் வேலை இது. கடைசி வாரத்தில் முடியாது.

3. தேர்வு எழுதினால் மட்டும் போதாது. நீட் எழுதி மதிப்பெண் வந்ததும், கல்லூரியிலிருந்து கடிதம் வரும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அகில இந்தியக் கலந்தாய்வுக்குத் தனியாகவும், தமிழ்நாட்டின் மருத்துவத் தேர்வுக் குழுவுக்குத் தனியாகவும் பதிவு செய்ய வேண்டும். பொறியியலுக்கு இன்னொரு பதிவு. ஒவ்வொன்றுக்கும் தேதி வேறு, கட்டணம் வேறு. எந்தச் சுற்றில் இடத்தை விட்டால் பணம் திரும்பும், எந்தச் சுற்றில் விட்டால் வைப்புத்தொகை போகும் என்பதை அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தில் படித்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

4. விருப்பப் பட்டியல். உயர்ந்த மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் ஐந்தாறு பெயர் பெற்ற கல்லூரிகளை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதே மதிப்பெண்ணில் வரிசையில் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். பொறியியலில் கட்-ஆஃப் சமமாக இருந்தால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று ஒப்பிட்டுக்கொண்டே போய், பிறந்த தேதியும் பார்த்து, கடைசியில் ரேண்டம் எண் வரை செல்வார்கள். அரை மதிப்பெண்ணில் வரிசை வெகுவாக மாறும். எனவே பட்டியல் நீளமாக இருக்கட்டும்.

5. தேர்வு நாள். ஹிஜாப் அணியும் பெண் பிள்ளைகள் நீட் தேர்வுக்கு வழக்கமான மார்க்க உடையில் வரலாம். ஆனால் சோதனைக்காக முன்னதாகவே மையத்துக்கு வர வேண்டும் என்று விதி இருக்கிறது. கடைசி நிமிடத்தில் வாசலில் பதற்றத்துக்கு உள்ளானால் அந்த மூன்று மணி நேரமும் பாழாகும். 180 கேள்விகள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு என்ற தேர்வில் மன அமைதியே பாதி வெற்றி.

6. புயல். எல்லாச் சான்றிதழ்களையும் டிஜிலாக்கரில் ஏற்றி வையுங்கள். அசலை பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டில் உயரமான இடத்தில் வையுங்கள். கடற்கரையில் வாழும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உலகெங்கும் இதே கேள்வி

நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு வாசல் ஏன் மூடுகிறது என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஆசிய வம்சாவளி மாணவர்கள் பாடத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்றும், ஹார்வர்ட் பல்கலைக்கழகம் "ஆளுமை" என்ற பெயரில் தரும் மதிப்பீட்டில் குறைத்து மதிப்பிடப்படுவதாக 2014-ல் வழக்குத் தொடரப்பட்டது. 2023 ஜூன் 29 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளும் முறையையே செல்லாது என்றது. ஆனால் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குக் காட்டும் சலுகை போன்றவை அந்தத் தீர்ப்பால் மறைந்துவிடவில்லை. ஏழைக் கருப்பின மாணவர்களுக்கான ஏணி எடுக்கப்பட்டது, வசதி படைத்தவர்களின் பக்கவாசல் அப்படியே நின்றது என்ற விமர்சனம் அங்கே எழுந்தது.

இலங்கையில் 1970-களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் முறையால் தமிழ் மாணவர்கள் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்குக் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டிய நிலை வந்தது. அந்தக் காயம் ஒரு தலைமுறையின் வரலாற்றையே மாற்றியது. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு, பள்ளி வசதி குறைந்த மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு வழி திறந்தது என்பதும் அதே வரலாற்றின் பகுதிதான்.

இவற்றிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் என்ன? தமக்குக் குறைவான மதிப்பெண் எடுத்த வேறு சமூகப் பிள்ளை இடம் பெற்றதைக் கண்டு நமது பிள்ளையின் மனம் புழுங்கலாம். அப்போது அவருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். இட ஒதுக்கீடு என்ற அதே ஏணியில்தான் நாமும் நிற்கிறோம். 2006-ல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, நாட்டின் முதன்மையான கல்லூரிகளில் இளநிலை மாணவர்களில் 25 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம், முதுநிலையில் 50 பேருக்கு ஒருவர்தான் என்று சொன்னது. ஏணி வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. அடுத்தவர் ஏணியைப் பறிக்கச் சொல்லும் உரிமையும் நமக்கில்லை. நாம் கேட்க வேண்டியது நேர்மையான அளவுகோல். செய்ய வேண்டியது நமது பிள்ளையை அந்த அளவுகோலுக்கு முழுமையாகத் தயார் செய்வது.

பிள்ளையின் மனம்

"டாக்டர் ஆகணும்" என்று பிள்ளை சொன்னது அவருடைய ஆசையா, நமது ஆசையா? உறவினர் முன்னிலையில் "என் பொண்ணு டாக்டர்" என்று சொல்லிப் பழகிவிட்டால், பின்னர் இடம் கிடைக்காதபோது பிள்ளை சுமப்பது தம் ஏமாற்றத்தை மட்டுமல்ல, குடும்பத்தின் மானத்தையும்தான். அந்தச் சுமையை நாம்தான் ஏற்றுகிறோம், நாம்தான் இறக்க வேண்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததை நாம் அறிவோம். கட்டுவது நமது வேலை. அதற்குப் பிறகு வருவதை நமது பிள்ளையின் குற்றமாக்குவது ஈமானுக்கு அழகல்ல.

நீட் இல்லாமல் போகக்கூடிய வழிகளும் பல. வேளாண்மை, மீன்வளம், மாநில ஒதுக்கீட்டுக் கால்நடை மருத்துவம், சட்டம், மருந்தியல், துணை மருத்துவப் படிப்புகள் என்று பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மதிக்கும் படிப்புகள் இருக்கின்றன. கடலும் உப்பும் சதுப்பும் சூழ்ந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு மீன்வளமும் கடல் அறிவியலும் அந்நியமல்ல. கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. அதை ஆய்வு செய்ய வருபவர்கள் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பிள்ளை பேச்சைக் குறைத்தால், உறக்கம் கெட்டால், "நான் இருந்து என்ன பயன்" என்பது போல் ஒரு சொல் சொன்னால், அதைப் பிடிவாதம் என்று ஒதுக்காதீர்கள். அருகில் உட்காருங்கள். 104 என்ற தமிழ்நாடு அரசின் எண்ணிலும், 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலும் இலவசமாக ஆலோசனை கிடைக்கிறது. உதவி கேட்பது தவக்குலுக்கு எதிரானதல்ல.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951-ல் சென்னையில் புதுக்கல்லூரியும், திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் எழுந்தது நமது முன்னோர் கூடிப் பேசி, கையிலிருந்ததைக் கொடுத்ததால். இன்று நாம் கட்டடம் எழுப்பக்கூட வேண்டியதில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் சில சிறு வேலைகள் போதும்.

அக்டோபரிலிருந்து செப்டம்பர் வரை தேர்வு, விண்ணப்பம், கலந்தாய்வு நாட்களை எழுதி, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒரு நிமிடம் அறிவியுங்கள். பெண்களுக்கும் செய்தி போய்ச் சேர வழி செய்யுங்கள். பல வீடுகளில் சான்றிதழை வைத்திருப்பவர் தாய்தான்.

படித்த இளைஞர் இருவரைப் பொறுப்பாக்கி, பெயர்த் திருத்தம், சாதி, வருமானம், ஓபிசி சான்றிதழ் ஆகியவற்றுக்குப் பிப்ரவரியில் ஒரு முகாம் நடத்துங்கள். மே மாதப் பரிசளிப்பு விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

பைத்துல்மாலில் கல்விக்கென ஒரு கணக்கைத் தனியாக வையுங்கள். விண்ணப்பக் கட்டணம், கலந்தாய்வு வைப்புத்தொகை, முதல் மாத விடுதிச் செலவு என்று உடனடியாகத் தேவைப்படும் தொகைகளுக்காகவே பல பிள்ளைகள் வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள். வங்கிக் கல்விக் கடன் வட்டியோடு வருவதால் நமது குடும்பங்கள் தயங்குகின்றன. தயக்கம் சரிதான். ஆனால் வட்டி வேண்டாம் என்று சொல்லும் சமுதாயம், வட்டியில்லாக் கடனுக்கு வழியும் காட்ட வேண்டும். ஜகாத்துக்குத் தகுதியான மாணவர் யார் என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்து, உரியவரின் கண்ணியம் குலையாமல் கொடுங்கள்.

அரசு தரும் உதவிகளையும் விட்டுவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகையும் உண்டு, அதற்கும் ஒரு சான்றிதழ் வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஏற்கெனவே மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆகிவிட்ட நமது பிள்ளைகள், ஊருக்கு வரும் விடுமுறையில் ஒரு மாலைப் பொழுதைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு கழிக்கட்டும். கலந்தாய்வு எப்படி நடந்தது, எங்கே தவறினேன், எப்படி மீண்டேன் என்று சொல்லட்டும். மரக்காணத்து உப்பளத்தில் தந்தை உப்பு வாரிக்கொண்டிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, இதே கரையிலிருந்து போன ஒருவரின் அனுபவத்தை விடப் பெரிய வழிகாட்டி இல்லை.

அடுத்த மே மாதம் நாம் மேடையில் ஏற்றும் பிள்ளைகள் அனைவரும், இன்ஷா அல்லாஹ், செப்டம்பரில் தமக்குரிய வகுப்பறையில் அமர்ந்திருக்க வேண்டும். வல்ல அல்லாஹ் நமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அவர்களின் மனதைப் புரிந்துகொள்ளும் பக்குவத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.